வளைவும் வண்டலும்

பாளையம்பட்டியை அடுத்த அருப்புக்கோட்டைத் தொகுதியில் வென்ற எம்.ஜி.ஆர். முதலமைச்சராகப் பதவியேற்ற அதே 1977-ஆம் ஆண்டில், செப்டம்பர் 16 அன்று, சுவிட்ஸர்லாந்தின் சூரிக் நகரில் ஆண்ட்ரியாஸ் குருயென்ட்சிக் என்னும் ஜெர்மானிய வைத்தியர், நோயாளியின் மார்பைப் பிளக்காமலே, தொடையிலுள்ள ரத்தக்குழாயின் வழியாகச் சிறியதொரு பலூனை இருதயம் வரை செலுத்தி, அங்கிருந்த அடைப்பை விரித்துத் திறந்தார். இன்று எங்கள் கரிசல் பூமியில் படிப்பறியாத முதியவர்கூட ஆஞ்சியோ, ஸ்டென்ட் என்று சகஜமாகப் பேசுகிறாரென்றால், அதற்கு மூலம் அந்த ஒரு தினமே.

அந்த முதல் நோயாளியின் குழாய் பத்தாண்டுகளுக்குப் பின்னும் திறந்தே இருந்தது. ஆனால் அந்தப் பாக்கியம் எல்லோருக்கும் வாய்க்கவில்லை. பலூன் சிகிச்சை பெற்றவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு ஆறு மாதத்துக்குள் அதே இடம் மீண்டும் குறுகியது. இதற்குப் பரிகாரமாக 1986-இல் பிரான்ஸில் ஜாக் புவெலும் சுவிட்ஸர்லாந்தில் உல்ரிக் சிக்வார்ட்டும் ஸ்டென்ட் என்னும் உலோக வலைக்குழலைப் பொருத்தினர். குருயென்ட்சிக்கிடம் பயின்ற மாத்யூ சாமுவேல் களரிக்கல், சென்னை அப்போலோவில், இந்தியாவின் முதல் இருதய பலூன் சிகிச்சையைச் செய்ததும் அதே 1986-இல்தான். 1994-இல் வெளியான ஐரோப்பிய ஆராய்ச்சியொன்றில், பலூனுக்குப் பின் நூற்றுக்கு 32 ஆக இருந்த மறு அடைப்பு, ஸ்டென்ட்டுக்குப் பின் 22 ஆகக் குறைந்தது. குறைந்ததே தவிர, மறையவில்லை.

ஏன் மறையவில்லை என்று ஆராயப் புகுந்தவர்களே குழாயின் வடிவத்தைக் கவனித்தார்கள். இருதயத்தின் வலக்குழாய் அதன் ஓரத்தைச் சுற்றி வளைந்து போகிறது. இடப்புறத்தில் முன்னிறங்கும் கிளை ஓரளவு நேராகச் செல்ல, சுற்றுக்கிளை திரும்பிப் பிரிகிறது. ரத்தம் ஓடுகையில் குழாய்ச் சுவரை உராயும் சக்தியே அச்சுவரின் ஆரோக்கியத்தைக் காக்கிறது. வளைவின் உட்புறத்திலும் கிளை பிரியும் இடத்தின் எதிர்ச்சுவரிலும் அது குன்றுகிறது. கண்மாய்க்கு நீர் கொணரும் வரத்துக்கால் திரும்புமிடத்தில், உட்கரையோரம் வேகம் தணிந்து வண்டல் படிவதைத் திருச்சுழி வட்டாரத்து விவசாயி அறிவார். குழாயிலோ வெளியிலிருந்து எதுவும் வந்து படிய வேண்டியதில்லை. சுவரின் தசையணுக்களே பெருகி வலையின் கண்களூடே உள்நோக்கி வளர்கின்றன.

இதனினும் நுட்பமானது இன்னொன்று. வளைந்த குழாயில் வைத்த ஸ்டென்ட் அதை நிமிர்த்துகிறது. நிமிர்ந்த பகுதியின் இரு முனைகளிலும் புதியதொரு கூர்வளைவு உண்டாகிறது. நாளொன்றுக்கு லட்சம் முறை துடிக்கும் இருதயத்தில் அம்முனைகள் ஓயாமல் மடங்கி நிமிர்வதால், சில சமயம் கம்பியே முறிவதுமுண்டு. 2000-ஆம் ஆண்டையொட்டி ராட்டர்டாம் நகர ஆராய்ச்சியாளர்கள், ஸ்டென்ட் குழாயின் வடிவத்தையும் உராய்வையும் மாற்றுவதையும், உராய்வு குன்றிய இடத்தில் வளர்ச்சி தடித்திருப்பதையும் காட்டினார்கள். அடைப்பு எத்தனை சதவீதம் என்று மட்டுமே கேட்டு வந்த வைத்திய உலகுக்கு இது மிக முக்கியமான போதனை என்பது என் அபிப்பிராயம். வடிவம் மட்டுமே காரணமென்பதில்லை. நீரிழிவும், குழாயின் மெலிவும், அடைப்பின் நீளமும் சேர்ந்தே தீங்கு செய்கின்றன.

அந்தத் தசையணு வளர்ச்சியைத் தடுக்க, ஈஸ்டர் தீவின் மண்ணில் கண்ட நுண்ணுயிரிலிருந்து, சுரேந்திர நாத் சேகல் என்னும் இந்திய விஞ்ஞானியின் குழுவினர் கனடாவில் பிரித்தெடுத்த சிரோலிமஸ் மருந்தை ஸ்டென்ட்டின் மேல் பூசி, 1999-இல் பிரேஸிலின் ஸாவோ பாலோ நகரில் பொருத்தியபின், மறு அடைப்பு வெகுவாகக் குறைந்தது. 2017 பிப்ரவரியில் மத்திய அரசு மருந்து பூசிய ஸ்டென்ட்டின் விலைக்கு ரூ. 29,600 என்று வரம்பு கட்டியது எளியோருக்குப் பேருதவி. மதுரையையே நம்பியிருந்த எங்கள் ஜனங்களுக்கு, 2022-இல் விருதுநகரிலேயே அரசு மருத்துவக் கல்லூரி வந்தது.

ஸ்டென்ட் வைத்ததோடு நோய் தீர்ந்ததென்று மாத்திரையை நிறுத்தும் வழக்கம் நம்மிடையே இன்னும் இருக்கிறது. வைத்தியர் சொல்லாமல் ஒருநாளும் நிறுத்தாதீர்கள். சர்க்கரையை அடக்கி வையுங்கள். ஆஞ்சியோ படத்தின் தகட்டைப் பத்திரப்படுத்தி, மறுபடி மார்பு வலித்தால் அதையும் எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.