வற்றாளையும் ஒடியலும்: தீவக உணவு வரலாறு குறித்துச் சில சிந்தனைகள்

ஒரு சமூகம் எதை உண்டது என்பதை அதன் இலக்கியங்களைக் கொண்டு மட்டும் அறிய முற்படுவோர், அச்சமூகத்தின் மேலோர் எதை உணவென மதித்தனர் என்பதையே பெரும்பாலும் அறிந்துகொள்வர். மணிமேகலைக் காப்பியத்தின் மணிபல்லவத்தை நயினாதீவோடு இணைத்துக் காணும் அறிஞர் உளர். அவ்விணைப்பின் வரலாற்று உண்மை எவ்வாறாயினும், பசிப்பிணி தீர்க்கும் அமுதசுரபி கிடைத்த இடமாக ஒரு தீவு கற்பனை செய்யப்பட்டமையும், இன்று நயினாதீவில் அன்னதான மடமொன்று அப்பாத்திரத்தின் பெயரைத் தாங்கி நிற்பதும் சிந்தனைக்குரியன. அன்னம் என்பது சோறு. ஆனால் ஊர்காவற்றுறை, நெடுந்தீவு, நயினாதீவு முதலிய தீவுகளின் உழைக்கும் மக்கள் ஆண்டின் பெரும்பகுதியில் உண்டது சோறன்று, கிழங்கு. காப்பியம் புகாத அந்த அடுப்படியே நமது ஆய்வுப்பொருள்.

முதலிற் பெயரை நோக்குவோம். தமிழகத்தார் சர்க்கரைவள்ளி என வழங்கும் கிழங்கை யாழ்ப்பாணத்தார் வற்றாளை என்பர். வத்தாளை என எழுதுவாரும் உளர். புறநானூற்றின் 109ஆம் பாட்டில், பாரியின் பறம்பு மலையில் ஏர் தொடாமலே கிடைக்கும் நால்வகை உணவுகளுள் ஒன்றாகக் கபிலர் வள்ளிக்கிழங்கைச் சுட்டுகிறார். அதைச் சர்க்கரைவள்ளியெனக் கொள்வது காலமயக்கமாகும். கபிலரின் வள்ளி, குறிஞ்சி நிலத்துக் காட்டுக் கொடி. சர்க்கரைவள்ளியோ அமெரிக்கக் கண்டத்தது. 1492க்குப் பின்னரே ஐரோப்பியர் வழியாகக் கீழைத்தேயம் வந்தது. தமிழகம் புதிய பொருளுக்குப் பழைய பெயரைச் சூட்டி அதன் வரவை மறைத்துவிட்டது. ஈழத்து வழக்கோ வரவைப் பெயரிலேயே பதித்து வைத்துள்ளது. கரிபியத் தீவுகளின் பழங்குடியினர் சொல்லாகிய 'பத்தாத்தா' போர்த்துக்கேயர் வாயிலாகச் சிங்களத்தில் 'பத்தல' ஆகி, நம்மிடம் வற்றாளையாயிற்று எனக் கருத இடமுண்டு. (பிறமொழிச் சொற்களை மீற்றர், பற்றரி என றகரமிட்டு எழுதும் நம் வழக்கம் இங்கும் தொழிற்பட்டிருக்கலாம்.)

யாழ்ப்பாண இராச்சியம் 1619இல் போர்த்துக்கேயர் வசமாயிற்று. அவர்களது கடல்வழி வாணிபம் இப்பிரதேசத்துக்குக் கொணர்ந்த அமெரிக்கப் பயிர்களுள் புகையிலை வாணிபப் பண்டமாகி, பின்னர் ஒல்லாந்தர் காலத்தில் திருவிதாங்கூர்ச் சந்தைவரை சென்றது. மிளகாய் எல்லா வர்க்கத்தாரின் நாவையும் ஆட்கொண்டது. வற்றாளை மட்டும் ஏழையின் வயிற்றோடு நின்றுவிட்டது. பணமாகாத பயிர் பதிவேட்டில் இடம்பெறுவதில்லை என்ற உண்மையை இங்கு மனங்கொள்ளல் வேண்டும்.

தீவகத்தின் நிலவியல்பு இதற்குப் பெரிதும் காரணமாகும். வலிகாமத்துச் செம்மண்ணும் நன்னீர்க் கிணறும் தீவுகளுக்கு வாய்க்கவில்லை. நெடுந்தீவில் முருகைக்கற்பாறை மேற்பரப்பின் அருகிலேயே உள்ளது. காணி வேலிகள்கூட அக்கல்லை அடுக்கியெழுப்பியவையே. மழையை மட்டும் நம்பிய நெல் ஒரு போகத்துக்கே உரியது. இத்தகைய மண்ணில் வேரூன்றி நின்றது பனை. ஆகவே தீவகத்தின் கிழங்குணவைப் பேசும்பொழுது வற்றாளையைத் தனித்துப் பேச இயலாது. தோட்டத்து மணற்பாங்கில் விளையும் வற்றாளை துணையுணவாகவும், பனங்கிழங்கிலிருந்து பெறப்படும் ஒடியல் சேமிப்புணவாகவும் அமைந்தன.

வற்றாளையைச் சமைக்கும் முறைகள் எளியன. தோலுடன் உப்பிட்டு அவித்துத் தேங்காய்ப்பூவோடு உண்பது ஒன்று. செத்தல் மிளகாயை இடித்த சம்பலோடு உண்பது மற்றொன்று. இவ்விரண்டாவதே கடற்றொழிலாளர் வீடுகளிற் பெரிதும் விரும்பப்படுவது. இனிப்பும் உறைப்பும் கூடும் அச்சுவைக்கு ஈடில்லை என்பது நம் கருத்துமாகும். சோறு சமைத்து முடிந்த அடுப்பின் தணலிற் புதைத்துச் சுடுவது சிறுவர்க்குரியது. தேங்காய்ப்பால் விட்டு வெள்ளைக்கறியாக்கின், அது சோற்றுக்குத் துணையாகித் தன் தகுதியில் ஒருபடி உயர்ந்துவிடும்.

ஒடியலின் கதை வேறு. அது உழைப்பின் கதை. ஆவணி, புரட்டாதியில் விழும் பனம்பழங்களைப் பொறுக்கி, களியைப் பனாட்டுக்காகப் பிசைந்தெடுத்து, விதையைப் பாத்தியில் அடுக்கி, தை மாசியிற் கிழங்கு கிண்டி, தோலுரித்து, இரண்டாகக் கிழித்து வெயிலில் உலர்த்தினால் ஒடியல். அவித்து உலர்த்தினாற் புழுக்கொடியல். அதைத் தேங்காய்ச் சொட்டோடு கடித்துண்பர். ஒடியலை உரலில் இடித்து மாவாக்கி, நீரில் ஊறவிட்டுக் கயர்ப்பு நீரை வடித்துப் பிழிந்த பின்பே பிட்டும் கூழும் ஆக்குவர். பிட்டில் நெத்தலியும், கூழில் வலையில் விலைபோகாது எஞ்சிய மீனும் நண்டும் சேரும். பனையோலையைக் கோலிய பிளாவே கூழுக்குக் கலம். இவ்வேலைகளுட் பெரும்பாலானவற்றைச் செய்தோர் பெண்கள். அவர்களுட் பலர் தமக்குச் சொந்தமில்லாத மரத்தின் கீழ்ப் பழம் பொறுக்கியவர்கள். ஒல்லாந்தர் 1707இல் தொகுத்த தேசவழமையில் காணியோடு மனிதரும் அடிமைகளாக உடைமைப் பட்டியலில் இடம்பெற்றனர். இலங்கையில் அடிமைமுறை சட்டப்படி ஒழிக்கப்பட்டது 1844இல்தான். காணியற்ற சாதிகளின் உணவு இழிந்த உணவாக எண்ணப்பட்டமைக்குக் கிழங்கின் குணம் காரணமன்று.

உடல்நலம் பற்றி இன்று மிகுதியாகப் பேசப்படுகிறது. வற்றாளை நார்ப்பொருளும் பொட்டாசியமும் உடையது. பச்சைக் கிழங்கின் நூறு கிராமில் ஏறத்தாழ 86 கலோரி உண்டு. அவித்து உண்ணும்போது குருதியிற் சர்க்கரை ஏறும் வேகம், சுட்டு உண்பதைவிடக் குறைவு. மெல்லச் சுடுகையில் மாப்பொருளின் ஒரு பகுதி சர்க்கரையாக மாறுவதால் அது இனிக்கிறது. நீரிழிவுடையோர் சிறுவரின் தணற்கிழங்கைத் தவிர்ப்பது நன்று. உயிர்ச்சத்து ஏ மிகுந்ததென்ற புகழ் செம்மஞ்சட் சதையுள்ள வகைகளுக்கே பொருந்தும். ஆபிரிக்காவில் அவ்வகைகளைப் பரப்பியோர் 2016இல் உலக உணவுப் பரிசு பெற்றனர். நம்மவர் வழக்கமாக உண்ணும் வெள்ளைச் சதைக் கிழங்குக்கு அப்புகழைத் தூக்கிக் கொடுப்பது விளம்பரமேயன்றி அறிவியலன்று. புரதமோ நூறு கிராமில் இரண்டு கிராமுக்கும் குறைவு. கிழங்கோடு மீனும் தேங்காயும் கீரையும் சேர்ந்தபோதே அது முழு உணவாயிற்று. மீன் முழுவதும் சந்தைக்குப் போன வீட்டில் அது வயிற்றை நிரப்பியது, அவ்வளவே.

ஒடியல் தொடர்பில் இன்னொன்றும் கூறல் வேண்டும். 1970களின் தொடக்கத்தில் இலங்கை ஆய்வாளர்கள் எலிகளுக்கு ஒடியல் மாவை உணவாகக் கொடுத்துச் செய்த சோதனைகளில் ஈரற் பாதிப்பு அவதானிக்கப்பட்டது. ஊறவிட்டு வடித்தலும் வேகவைத்தலும் வெறும் சுவைக்காகச் செய்யப்பட்டவை அல்ல என எண்ணத் தோன்றுகிறது. எழுத்தறியாப் பெண்கள் தலைமுறை தலைமுறையாகப் பேணிய இந்நுட்பத்தை மூடப்பழக்கம் என்றோ, அதற்கு மாறாக முன்னோரின் தெய்வீக ஞானம் என்றோ கொள்வது தவறு. அது பசியின் நெருக்கடியிற் பிறந்த பட்டறிவு.

கிழங்கின் மதிப்பு ஏறி இறங்கியமையை நெருக்கடிகளின் வரிசையிற் காணலாம். 1942இல் பர்மா யப்பானியர் கைப்பட்டு அரிசி வரவு நின்றபோது, சோற்றை மானமாகக் கொண்டோரும் கிழங்கை நாடினர். 1970 முதல் 1977 வரை ஆட்சி செய்த ஐக்கிய முன்னணி அரசின் இறக்குமதிக் கட்டுப்பாட்டால் குடாநாட்டு மிளகாய், வெங்காயச் செய்கையாளர் செழித்தனர். அப்பயிர்களுக்கு ஏற்ற மண்ணற்ற தீவுகளின் ஏழைகளுக்கு 1973, 1974 ஆண்டுகளின் தானியத் தட்டுப்பாடு அத்தகைய ஈடு எதையும் தரவில்லை. ஒரே கொள்கை இரு வர்க்கத்துக்கு இரு வேறு காலங்களாயிற்று. தீவகத்தின் ஒரு பிரிவினர் இதற்கு நெடுங்காலம் முன்பே கொழும்பிலும் தென்னிலங்கை ஊர்களிலும் கடை வைத்து வணிகராகியிருந்தனர். அங்கிருந்து வந்த பணம் வீட்டுக்கு அரிசியைக் கொணர்ந்தது. கிழங்கு பின்வளவுக்குப் போயிற்று. குடாநாட்டார் இளக்காரமாகச் சொன்ன 'தீவான்' என்ற பெயரிலிருந்து மீள விரும்பியவன் முதலிற் கைவிட்டவற்றுள் ஒடியற்பிட்டும் ஒன்று.

1990 ஆகஸ்டில் தீவகத்தில் இராணுவ நடவடிக்கை தொடங்கியபின் பெருந்தொகையினர் குடாநாட்டுக்கு இடம்பெயர்ந்தனர். அங்கு பொருளாதாரத் தடை நிலவிய ஆண்டுகளில் மரவள்ளியும் வற்றாளையும் ஒடியலும் மீண்டும் எல்லோர் வீட்டு உணவுமாயின. மரவள்ளியோடு இஞ்சி சேர்க்கலாகாது என்ற முதியோர் எச்சரிக்கையும் அப்போது மீண்டும் ஒலித்தது. இஞ்சியின் பங்கு எதுவாயினும், நன்கு அவித்து நீரை ஊற்றிவிட வேண்டும் என்பது அறிவியலும் ஏற்கும் விதி. அக்கிழங்கில் சயனைட்டை வெளிவிடும் சேர்வை உண்டு.

இன்று ஒடியல் மா பொதியிலடைக்கப்பட்டு இலண்டனிலும் ரொறன்ரோவிலும் விற்பனையாகிறது. பனை அபிவிருத்திச் சபை 1978இல் நிறுவப்பட்டபோது நோக்கமாயிருந்த பண்டமாக்கம், புலம்பெயர்ந்தோரின் ஊர்நினைவால் ஒரு சந்தையைக் கண்டுள்ளது. ஒன்றுகூடல்களிற் காய்ச்சப்படும் கூழில் இறாலும் நண்டும் கணவாயும் பலாக்கொட்டையும் பயற்றங்காயும் நிறைந்து, மா அடியிற் கிடக்கிறது. தீவகத்து அடுப்பிற் கொதித்த பழைய கூழில் மாவும் புளியும் மிளகாயுமே மிகுதி. வலையில் எஞ்சியது எதுவோ, அதுவே அன்றைய மீன்.