வேலை இல்லாத மாதங்களில் செய்த சொந்த முயற்சியைப் பயோடேட்டாவில் எழுதலாமா?

"ஆறு மாதம் சும்மா இருந்ததாகத் தெரியக் கூடாது. மாமா கம்பெனியில் வேலை பார்த்ததாக எழுதிவிடு." வேலை போன பிள்ளைக்கு வீட்டில் கிடைக்கும் முதல் ஆலோசனை பெரும்பாலும் இதுதான். அத்தாவும் அம்மாவும் பிள்ளையின் நலனை நினைத்துத்தான் சொல்கிறார்கள். ஆனால் பிள்ளையை அதிகம் சிக்கலில் மாட்டிவிடும் ஆலோசனையும் இதுதான்.

திருப்பூரில் வேலை இடைவெளி என்பது புதிதல்ல. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் சாயப்பட்டறைகள் மூடப்பட்டன. 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தது. 2025 ஆகஸ்ட் 27 முதல் இந்தியப் பொருட்களுக்கு அமெரிக்கா 50 சதவீத வரி விதித்தபோது, அந்நாட்டு ஆர்டர்களை நம்பியிருந்த எக்ஸ்போர்ட் கம்பெனிகள் தடுமாறின. இந்த ஊரில் நேர்காணல் நடத்துபவருக்கு இவையெல்லாம் தெரியும். "ஏன் வேலை போனது?" என்பதைவிட, "அந்த நாட்களில் என்ன செய்தீர்கள்?" என்பதே அவருக்கு முக்கியம். அதற்கு நேர்மையான ஒரு பதில் சொந்த முயற்சி, அதாவது பெர்சனல் ப்ராஜெக்ட்.

எது சொந்த முயற்சி?

மூன்றையும் பிரித்துப் பார்க்க வேண்டும். ஒரு முதலாளியிடம் சம்பளத்துக்குச் செய்தது வேலை. காதர்பேட்டையில் சரக்கு எடுத்து வாட்ஸ்அப்பில் விற்றிருந்தாலோ, வீட்டில் ஆர்டர் பிடித்துத் தைத்துக் கொடுத்திருந்தாலோ அது சுயதொழில். அதை அந்தப் பெயரிலேயே எழுதலாம், அதில் குறைவு ஒன்றுமில்லை. யாரும் கேட்காமல், கூலி இல்லாமல், கற்றுக்கொள்வதற்காக நீங்களே செய்து முடித்தது சொந்த முயற்சி. இதை "பணி அனுபவம்" பகுதியில் போடாமல், "சொந்த முயற்சிகள்" என்று தனித் தலைப்பில், மாதமும் ஆண்டும் குறித்து எழுதுங்கள். லிங்க்ட்இன் தளத்திலும் ப்ராஜெக்ட்களுக்குத் தனிப் பகுதி உண்டு. வேலை இடைவெளியைக் குறிக்கும் வசதியையும் 2022இல் அந்தத் தளமே கொண்டுவந்தது.

ஓர் உதாரணம்

வேலை இழந்த ஒரு மெர்ச்சண்டைசர், டி-ஷர்ட்டுக்கு எவ்வளவு துணி தேவை என்று கணக்கிடும் எக்செல் தாளைத் தானே உருவாக்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். வீட்டில் இருக்கும் ஒரு டி-ஷர்ட்டை அளக்கிறார். நீளம் 72 செ.மீ., கை 22 செ.மீ., தையலுக்கும் மடிப்புக்கும் 6 செ.மீ.; மொத்தம் 100. மார்பின் பாதி அகலம் 54, தையலுக்கு 2, மொத்தம் 56. துணி 180 ஜி.எஸ்.எம்.

100 × 56 × 2 × 180 ÷ 10,000 = 201.6 கிராம்.

5 சதவீதம் வேஸ்டேஜ் சேர்த்தால் சுமார் 212 கிராம். இதை எல்லா சைஸுக்கும் விரித்து, துணி விலை மாறினால் காஸ்டிங் தானாக மாறும்படி அமைக்கிறார். பயோடேட்டாவில் இப்படி எழுதலாம்:

"சொந்த முயற்சி (2025 அக்டோபர் – டிசம்பர்): டி-ஷர்ட் துணித் தேவை, காஸ்டிங் கணக்கிடும் எக்செல் தாள். ஐந்து சைஸ்களுக்கு, வேஸ்டேஜ் உட்பட. கேட்டால் காட்ட முடியும்."

இவ்வளவு போதும். "புரட்சிகரமான மென்பொருள்" என்றெல்லாம் ஊத வேண்டாம். கடைசி வரிதான் முக்கியம். நேர்காணலில் தாளைத் திறந்து, "ஜி.எஸ்.எம். 160 ஆனால்?" என்று கேட்டால் அங்கேயே பதில் சொல்ல முடிய வேண்டும்.

வீட்டிலிருக்கும் பெண் பிள்ளைகளுக்கும் இது பொருந்தும். புர்காவுக்கு ஆறு சைஸில் பேட்டர்ன் வெட்டி, அளவுப் பட்டியல் தயாரித்து, தைத்துப் பார்த்துத் திருத்தியிருந்தால், அது பேட்டர்ன் பிரிவு வேலைக்குக் காட்டத் தகுந்த முயற்சியே.

எதை எழுதக் கூடாது?

முதலில், பழைய கம்பெனியின் டெக் பேக், பையர் பெயர், விலை விவரம் எதையும் உங்கள் முயற்சியில் பயன்படுத்தாதீர்கள். அவை உங்களிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். அதை வெளியே காட்டுபவர், நாளை தங்கள் விவரத்தையும் காட்டுவார் என்றே புதிய கம்பெனி நினைக்கும்.

இரண்டாவது, யூடியூப் பார்த்து அப்படியே நகலெடுத்ததை "நான் உருவாக்கியது" என்று எழுதாதீர்கள். பார்த்துக் கற்று, இன்னின்ன மாற்றம் செய்தேன் என்று சொன்னால் போதும்.

மூன்றாவது, பாதியில் நிற்கும் ஐந்து முயற்சிகளைவிட முடித்த ஒன்று மேல். அதுவும் நீங்கள் கேட்கும் வேலைக்குத் தொடர்புடையதாக இருக்கட்டும்.

மாமா கம்பெனி கதை ஏன் ஆபத்து?

பி.எஃப். பிடிக்கும் கம்பெனியில் வேலை பார்த்திருந்தால், சேர்ந்த தேதியும் விலகிய தேதியும் யு.ஏ.என். எண்ணில் பதிவாகியிருக்கும். பல கம்பெனிகள் அந்தப் பதிவைக் கேட்டு வாங்குகின்றன. அதில் இல்லாத வேலையைச் சொன்னால் சம்பளச் சீட்டும் வங்கிக் கணக்கு விவரமும் கேட்பார்கள். வேலையில் சேர்ந்த பிறகு தெரியவந்தால் அந்த வேலையும் போகும், பொய்க்குத் துணை நின்ற மாமாவின் பெயரும் கெடும். பின்னலாடைத் தொழிலில் ஒருவரைப் பற்றி இன்னொருவரிடம் ஒரு போனில் விசாரித்துவிடலாம்.

சொந்த முயற்சி வேலைக்கு உத்தரவாதம் தராது. அனுபவச் சான்றிதழுக்கு ஈடும் ஆகாது. ஆனால் கேள்வி வரும்போது தலை குனியாமல் பதில் சொல்ல ஒரு பொருள் கையில் இருக்கும்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள்: "இன்னும் வேலை கிடைக்கவில்லையா?" என்று தினமும் கேட்பதற்குப் பதிலாக, "இன்று என்ன செய்தாய், காட்டு" என்று ஒரு நாள் கேட்டுப் பாருங்கள். நேர்காணலில் சொல்ல வேண்டிய பதிலை உங்கள் பிள்ளை முதலில் உங்களிடம் சொல்லிப் பழகட்டும்.