தாதுவிலிருந்து கிடைக்கும் உலோகத்தின் நிறையைக் கணக்கிடுதல்

ஒரு தாதுவிலிருந்து எவ்வளவு உலோகம் கிடைக்கும் என்று கணக்கிட மூன்று பங்குகள் தெரிய வேண்டும். தாதுவில் கனிமம் எவ்வளவு, கனிமத்தில் உலோகம் எவ்வளவு, பிரித்தெடுக்கையில் அதில் கைக்கு வந்து சேர்வது எவ்வளவு என்பவை அவை. தாதுவின் நிறையை இம்மூன்றாலும் பெருக்கினால் விடை வந்துவிடும். முதலாவதும் மூன்றாவதும் சுரங்கத்துக்குச் சுரங்கம், ஆலைக்கு ஆலை மாறும். இரண்டாவது மட்டும் அணு நிறைகளிலிருந்து வருவதால் மாறுவதில்லை.

இரும்புக் கனிமமான ஹேமடைட்டில் இரண்டு இரும்பு அணுக்களுக்கு மூன்று ஆக்சிஜன் அணுக்கள் உண்டு. இரும்பின் நிறை 111.7, ஆக்சிஜனுடையது 48, மொத்தம் 159.7. ஆகவே இரும்பின் பங்கு 69.9 சதவீதம். மற்றொரு இரும்புக் கனிமமான மேக்னடைட்டில் இது 72.4, அலுமினிய ஆக்சைடில் அலுமினியம் 52.9.

90 சதவீதம் ஹேமடைட் உள்ள 1,000 கிலோ தாதுவை எடுத்துக்கொண்டால், அதில் இரும்பு ஏறக்குறைய 629 கிலோ. ஊதுலையில் கசடோடும் தூசியோடும் 5 சதவீதம் போனால் மிஞ்சுவது 598 கிலோ. பாடநூல் கணக்கு பெரும்பாலும் இங்கே முடிந்துவிடும். உலையிலிருந்து வழிவதோ தூய இரும்பு அல்ல. கார்பனும் சிலிக்கனும் கலந்த வார்ப்பிரும்பு. அதில் இரும்பு 94 சதவீதம் என்றால் தராசு 636 கிலோ காட்டும். தாதுவில் இருந்த மொத்த இரும்பைவிட இது கூடுதல்!

வணிகத்தில் தாதுவின் தரத்தைப் பெரும்பாலும் ஆக்சைடாகச் சொல்லாமல் இரும்பாகவே சொல்வார்கள். '62 சதவீத இரும்பு' என்ற தாதுவை மறுபடி 0.699 ஆல் பெருக்கினால் விடை ஏறக்குறைய 30 சதவீதம் குறைந்துபோகும். அந்தத் தரம் உலர்ந்த தாதுவுக்கானது என்பதால், ஈரத்தின் எடையையும் முதலில் கழித்துவிட வேண்டும்.

சேலம் கஞ்சமலையின் மேக்னடைட் தாதுவில் இரும்பு சுமார் 35 சதவீதம்தான். 1,000 கிலோவில் இரும்பு 350 கிலோ, அதைத் தாங்கும் மேக்னடைட் 483 கிலோ. மற்றது பெரும்பாலும் குவார்ட்சு. இத்தகைய தாதுவைப் பொடித்துக் காந்தத்தால் பிரித்த பிறகே உலைக்கு அனுப்ப முடியும். காந்தம் 80 சதவீத இரும்பைப் பிடித்தால் 280 கிலோ தேறும். அடர்ப்பித்த தாதுவில் இரும்பு 65 சதவீதம் என்றால் அதன் நிறை 431 கிலோ.

2001இல் மூடப்பட்ட கோலார் தங்கச் சுரங்கத்தில் இந்தக் கணக்கெல்லாம் டன்னுக்கு இத்தனை கிராம் என்றுதான் நடந்தது. அங்கே தங்கம் பெரும்பாலும் தனி உலோகமாகவே கிடைத்ததால் அணு நிறைக்கு வேலை குறைவு. பிரித்தெடுக்கும் பங்குதான் கணக்கைத் தீர்மானித்தது. ஆலைகளுக்குப் பிடிபடாத தங்கம் இன்னும் சிறிதளவு அங்குள்ள சயனைடு கழிவு மேடுகளில் கிடக்கிறது.