குளியலறைச் சுவரில் ஒரு சின்னப் பொத்தான்

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

அமெரிக்காவில் இருக்கும் நம் பழைய மாணவர் ஒருவர், குடும்பத்தோடு மோட்டார் ஹோமில் சுற்றுலா போயிருக்கிறார். படுக்கை, சமையல், குளியல் எல்லாம் உள்ளேயே இருக்கும் வண்டி அது. "சார், லைட் எரியுது. ஆனா எந்த பிளக் பாயிண்ட்லயும் கரண்ட் இல்லை. ஒயர் அறுந்திருக்குமா?" என்று கேட்டிருந்தார்.

அந்த வண்டியில் இரண்டு விதக் கரண்ட் உண்டு. விளக்குகள் 12 வோல்ட் பேட்டரியில் எரியும். பிளக் பாயிண்டுகளுக்கு 120 வோல்ட் வேண்டும். அது முகாமில் உள்ள மின்கம்பத்திலிருந்தோ ஜெனரேட்டரிலிருந்தோ வர வேண்டும். ஆகவே லைட் எரிவதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. முதலில் கம்பத்தின் பிரேக்கர், பிறகு வண்டிக்குள் இருக்கும் பிரேக்கர், மூன்றாவதாகக் குளியலறை பிளக் பாயிண்டில் இருக்கும் 'ரீசெட்' பொத்தான். பல வண்டிகளில் அந்த ஒரு பாயிண்ட் விழுந்தால் சமையலறை, வெளிப்புறப் பாயிண்டுகளும் சேர்ந்து செத்துவிடும். ஒயரைச் சந்தேகிப்பது கடைசியில்தான்.

அந்தப் பொத்தானுக்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது.

கலிபோர்னியாவில், பெர்க்லி பல்கலைக்கழகத்தில் சார்லஸ் டால்சீல் என்று ஒரு மின்பொறியியல் பேராசிரியர் இருந்தார். எவ்வளவு கரண்ட் மனிதனைக் கொல்லும் என்பது அவருடைய ஆராய்ச்சி. தாமாக முன்வந்தவர்களின் கையில் கம்பியைக் கொடுத்து, கரண்ட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினார். எந்த அளவில் கையை விடுவிக்க முடியாமல் போகிறது என்று அளந்தார். ஆண்களுக்குச் சராசரி 16 மில்லி ஆம்பியர், பெண்களுக்கு 10.5. அதைத் தாண்டினால் தசை இறுகிக் கம்பியை விடாது. இன்னும் கூடினால் மூச்சும் இதயமும் பாதிக்கப்படும்.

இப்போது ஒரு கணக்குப் போடுங்கள். சாதாரண பிரேக்கர் 15 ஆம்பியர், அதாவது 15,000 மில்லி ஆம்பியர். கையை விடவிடாத கரண்ட்டைப் போல ஏறக்குறைய ஆயிரம் மடங்கு! ஒயர் தீப்பிடிக்காமல் காப்பதுதான் அதன் வேலை. ஆள் துடித்துக்கொண்டிருந்தாலும் அது அசையாது.

1961இல் டால்சீல் இதற்கு ஒரு கருவி செய்தார். போகிற கம்பியும் திரும்புகிற கம்பியும் ஒரே வளையத்துக்குள் நுழையும். போனதெல்லாம் திரும்பினால் காந்தப் புலம் ஒன்றையொன்று ஈடுசெய்துவிடும். கொஞ்சம் குறைந்தால் அது வேறு வழியில், ஒருவேளை ஒரு மனிதன் வழியாக, மண்ணுக்குப் போகிறது என்று பொருள். சுமார் 5 மில்லி ஆம்பியர் வித்தியாசத்துக்கே, கண்ணிமைக்கும் நேரத்துக்குள் இணைப்பைத் துண்டித்துவிடும். 1975இல் அமெரிக்க மின்விதிகள் வீட்டுக் குளியலறைகளுக்கும் இதைக் கட்டாயமாக்கின.

மாணவர் பொத்தானை அழுத்தினார், கரண்ட் வந்தது. சிறிது நேரத்தில் மறுபடி விழுந்தது. அடுத்த வண்டிக்காரர், "அதைக் கழற்றிவிட்டு சாதா பாயிண்ட் போட்டுவிடுங்கள், தொல்லை இருக்காது" என்றாராம். வேண்டவே வேண்டாம் என்று உடனே எழுதினேன். அந்த வண்டியின் உடல் உலோகம். நிற்பது ரப்பர் டயர் மேல். எர்த் கம்பி அறுந்து, எங்கோ கசிவும் இருந்தால், ஈரத் தரையில் வெறுங்காலோடு கதவைப் பிடிக்கும் குழந்தைதான் அந்தக் கரண்ட்டுக்கு வழி. பொத்தான் விழுவது கோளாறு அல்ல, எச்சரிக்கை. எல்லாச் சாமான்களையும் பிடுங்கிவிட்டு, ஒவ்வொன்றாகச் சொருகிப் பார்க்கச் சொன்னேன். எதையும் சொருகாதபோதும் விழுந்தது. கடைசியில், வெளிப்புறப் பாயிண்டுக்குள் மழைநீர் இறங்கியிருந்தது தெரிந்தது. மின்சாரத்தை நிறுத்தி, நன்றாகக் காயவிட்ட பிறகு நின்றுவிட்டது. தண்ணீர் இறங்கிய அந்தப் பாயிண்டை மின்பணியாளரை வைத்து மாற்றவும் சொல்லியிருக்கிறேன்.

நம் ஊர் வீடுகளிலும் இதே தத்துவத்தில் ஆர்.சி.சி.பி. இருக்கிறது, பொதுவாக 30 மில்லி ஆம்பியர். அதில் 'T' என்று ஒரு பொத்தான் இருக்கும். இன்றைக்கே ஒருமுறை அழுத்திப் பாருங்கள். விழுந்தால் நல்லது, மேலே தூக்கிவிடுங்கள். விழாவிட்டால் நாளைக்கே எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். வீட்டில் அந்தக் கருவியே இல்லை என்றால், அதைத்தான் முதலில் வாங்க வேண்டும்.

உங்கள் வீட்டில் விழுந்ததா என்று கீழே எழுதுங்கள். இதையும் வீட்டுப்பாடமாக வைத்துக்கொள்ளுங்கள்.