பூனையின் உரோம உருண்டை

பூனையின் உரோம உருண்டை என்பது, பூனை தன் உடலை நக்கும்போது விழுங்கும் உரோமம் இரைப்பையில் திரண்டு உருவாகும் கட்டி ஆகும். நாக்கில் பின்னோக்கி வளைந்துள்ள முட்கள் உதிர்ந்த உரோமத்தைப் பற்றித் தொண்டைக்குள் தள்ளுகின்றன. பெரும்பகுதி மலத்துடன் வெளியேறும். எஞ்சியது உணவுக்குழாய் வழியே வாந்தியாக வருவதால் நீள் உருளை வடிவில் இருக்கும். பாரசீகப் பூனை போன்ற நீண்ட உரோம இனங்களில் இது மிகுதி.

வீட்டுப் பராமரிப்பு

* நீண்ட உரோமமுள்ள பூனையை நாள்தோறும் சீப்பால் வாருதல்.
* எப்போதும் குடிநீர் கிடைக்கச் செய்தல்.
* மருத்துவர் கூறும் அளவில் நார்ச்சத்து உணவு அல்லது மால்ட் பசை அளித்தல்.

எண்ணெயை வாயில் ஊற்றுதல் கூடாது. அது நுரையீரலுக்குள் சென்று அழற்சியை உண்டாக்கலாம். பூனைவணங்கி எனவும் வழங்கப்படும் குப்பைமேனியின் சாறு வாந்தியைத் தூண்டுவது, அதையும் புகட்டலாகாது.

நூல் விழுங்குதல்

காஞ்சிபுரத்தில் பட்டு நெசவாளர் பலரின் தறிகள் வீட்டிலேயே உள்ளன. அங்குச் சிதறும் பட்டு நூலையும் சரிகையையும் பூனை விளையாட்டாக விழுங்கக்கூடும். இதன் குமட்டல் உரோம உருண்டையின் குமட்டலை ஒத்திருக்கும். ஆனால் நூலின் ஒரு முனை நாவின் அடியிலோ இரைப்பையிலோ சிக்கினால், குடல் அதன்மீது சுருங்கி மடிந்து அறுபடலாம். வாயிலோ ஆசனவாயிலோ தொங்கும் நூலை இழுத்தல் கூடாது. பெரும்பாலும் அறுவைச் சிகிச்சை தேவைப்படும். வேலை முடிந்ததும் நூல் துண்டுகளை மூடியுள்ள பெட்டியில் இடுவதே சிறந்த தடுப்பு.

மருத்துவரை நாட வேண்டிய நிலை

எதுவும் வெளிவராத தொடர் குமட்டல், ஒரு நாள் உண்ணாமை, மலச்சிக்கல், சோர்வு ஆகியவை குடலடைப்பின் அறிகுறிகளாக இருக்கலாம். நூல் விழுங்கியது தெரிந்தால் அறிகுறிகளுக்குக் காத்திராமல் உடனே கால்நடை மருத்துவரிடம் கொண்டு செல்ல வேண்டும்.