மிக் விமானமும் ஐந்து செக்கனும்

பதிவு கொஞ்சம் நீளம். ஆறுதலாக வாசியுங்கள்.

போன கிழமை பத்தாம் தரத்தில் வேகம், தூரம், நேரம் படிப்பித்துக்கொண்டிருந்தோம். பின்வாங்கில் இருக்கும் பிள்ளை ஒருவன் எழும்பி, "சேர், ரஷ்யாவின்ர சுகோய்-57தானே உலகத்திலேயே திறமான பிளேன்?" என்று கேட்டான். கைபேசியில் பார்த்திருக்கிறான். உடனே வகுப்பு முழுக்க அதே கதைதான். யாருக்கு எத்தனை ஏவுகணை, எது ராடாரில் தெரியாது என்று எல்லாம் மனப்பாடம்.

"ரஷ்ய விமானம் தர்மபுரத்துக்கு மேலே பறந்ததா?" என்று கேட்டோம். ஒருவருக்கும் தெரியவில்லை. அவர்கள் பிறந்ததே 2009க்குப் பிறகு. வீட்டில் அம்மம்மாவைக் கேட்டால், "கிபிர் வந்து குண்டு போட்டது" என்பார். வன்னியில் ஜெட் என்றால் எல்லாமே கிபிர்தான். ஆனால் கிபிர் ரஷ்ய விமானம் அல்ல. அது இஸ்ரேலில் செய்தது, 1996இல் இலங்கைக்கு வந்தது. 2006 ஓகஸ்ட் 14 அன்று வள்ளிபுனம் செஞ்சோலையில் ஐம்பதுக்கும் மேற்பட்டோரை, பெரும்பாலும் பாடசாலை மாணவிகளை, கொன்றது கிபிர். அந்தப் பெயர் மனதில் நின்றுவிட்டதால், அதோடு சேர்ந்து பறந்த ரஷ்ய வடிவமைப்பு விமானங்களின் பெயர் நம் பேச்சில் மறைந்துவிட்டது. இந்தப் பதிவு அவற்றைப் பற்றியது.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். நாம் இதை நேரில் அனுபவித்தவர்கள் அல்ல. 1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது நம் குடும்பமும் புத்தளம் போனது. வன்னியில் குண்டு விழுந்ததை வாப்பாவின் வானொலியில்தான் கேட்டு வளர்ந்தோம். பிறகு கல்வியியற் கல்லூரி விடுதியில் வன்னியிலிருந்து வந்த நண்பர் ஒருவர், பெரிய இடி இடித்த ஒரு இரவு, நித்திரையிலேயே கட்டிலுக்குக் கீழே போய்விட்டார். அடுத்த நாள் அதைப் பற்றி அவரும் பேசவில்லை, நாமும் கேட்கவில்லை. இங்கே படிப்பிக்க வந்த பிறகுதான் கேட்கத் தொடங்கினோம்.

சரி, 'மிக்' என்றால் என்ன? மிகோயான், குரேவிச் என்ற இரண்டு பொறியியலாளர்களின் பெயர்களைச் சேர்த்த சுருக்கம். ஆர்த்தெம் மிகோயான் ஆர்மீனியர். இவர்களின் வடிவமைப்பு நிலையம் 1939இல் தொடங்கியது. உலகம் இவர்களை அறிந்தது மிக்-15ஆல். 1947 டிசம்பரில் முதன்முதல் பறந்த விமானம் அது. அதன் இயந்திரத்துக்கு மூலம் பிரித்தானியாவின் ரோல்ஸ் ரொய்ஸ். இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு பிரித்தானிய அரசே சோவியத்துக்கு அதை விற்றது. சோவியத் அதைப் பார்த்துத் தன் இயந்திரத்தைச் செய்துகொண்டது. 1950இல் கொரியப் போரில் அதே மிக்-15கள் அமெரிக்க, பிரித்தானியக் கூட்டுப் படைக்கு எதிராக வானத்தில் நின்றன.

இலங்கைக்கு முதல் மிக் வந்தது எப்போது? பலர் நினைப்பது போல நமது போருக்காக அல்ல. 1971 ஏப்ரலில் ஜே.வி.பி. கிளர்ச்சி வெடித்தபோது சோவியத் ஒன்றியம் ஐந்து மிக்-17 விமானங்களையும், பயிற்சிக்கான ஒரு மிக்-15ஐயும் அனுப்பியது. தெற்கின் சிங்கள இளைஞர்கள் கிளர்ந்தெழுந்த நேரத்தில் வந்தவை அவை. இதைப் பிள்ளைகளுக்குச் சொன்னபோது வகுப்பு அமைதியானது.

அடுத்தது மிக்-21. முக்கோண இறக்கை, ஒலியைப் போல இரண்டு மடங்கு வேகம். பத்தாயிரத்துக்கும் மேல் செய்யப்பட்டது. இந்தியா 1963இல் சேர்த்து, 2025 செப்டெம்பரில்தான் ஓய்வு கொடுத்தது. சீனா அதைப் பார்த்து எஃப்-7 என்று செய்தது. 1991இல் இலங்கை வாங்கியது அதைத்தான். எங்கள் பெரியவர்கள் 'சுப்பர்சொனிக்' என்று சொன்னது இதையே. பெயர் சீனாவுடையது, உடம்பு ரஷ்யாவுடையது.

வன்னிக்கு நெருக்கமானது மிக்-27. இதை விளங்க முதலில் மிக்-23ஐப் பார்க்க வேண்டும். வேகமாகப் பறக்க இறக்கை பின்னுக்குச் சாய்ந்திருக்க வேண்டும். மெதுவாக இறங்க இறக்கை அகல விரிந்திருக்க வேண்டும். இரண்டும் ஒரே விமானத்தில் வேண்டும் என்றால்? இறக்கையையே அசையச் செய்தார்கள். 1967இல் முதலில் பறந்த மிக்-23இல் விமானி இறக்கையை 16 பாகையிலிருந்து 72 பாகை வரை மாற்றலாம். பருந்து வட்டமிடும்போது இறக்கையை விரித்து, பாயும்போது ஒடுக்குவதைப் பார்த்திருப்பீர்கள். அதே வேலைதான்.

மிக்-23 வானத்தில் இன்னொரு விமானத்தோடு சண்டையிடச் செய்தது. மிக்-27 அப்படியல்ல. மூக்கிலிருந்த ராடாரைக் கழற்றினார்கள். கீழே நன்றாகத் தெரியும்படி மூக்கைச் சரித்தார்கள். நிலத்திலிருந்து சுடுவார்கள் என்பதால் விமானியின் இரு பக்கமும் கவசத் தகடு வைத்தார்கள். ஆறு குழல் கொண்ட 30 மில்லிமீற்றர் பீரங்கியும், 4,000 கிலோ வரை குண்டும் தூக்கும். ஐரோப்பாவில் நேட்டோவின் தாங்கிப் படைகள் வந்தால் தாழப் பறந்து அடிப்பதற்காகச் செய்த விமானம். மேலே பார்க்கும் கண் அதற்கு இல்லை. கீழே நிலத்தைப் பார்க்கத்தான் அதைச் செய்தார்கள்.

சோவியத் 1991இல் உடைந்தபோது உக்ரேனிடம் இவை ஏராளமாக மிஞ்சின. 2000இல் ஆனையிறவு வீழ்ந்து போர் இறுகியிருந்த வருடத்தில் இலங்கை ஆறு மிக்-27களையும், பயிற்சிக்கான ஒரு மிக்-23ஐயும் உக்ரேனிலிருந்து வாங்கியது. 2001 ஜூலை 24 அன்று விடுதலைப் புலிகள் கட்டுநாயக்கவைத் தாக்கியபோது அழிந்த விமானங்களில் மிக்-27உம் இருந்தது. 2006இல் மேலும் நான்கு வாங்கினார்கள். அந்தக் கொடுக்கல் வாங்கலில் ஊழல் என்ற குற்றச்சாட்டு எழுந்து பல வருடங்கள் விசாரணையில் இழுபட்டது. அதைப் பற்றி எழுதிய 'சண்டே லீடர்' பத்திரிகையின் ஆசிரியர் லசந்த விக்ரமதுங்க 2009 ஜனவரி 8 அன்று கொழும்பில் கொல்லப்பட்டார். அதே ஜனவரியில்தான் கிளிநொச்சியை விட்டு வந்த சனம் பரந்தன்–முல்லைத்தீவு வீதியில் தர்மபுரத்தைத் தாண்டி விசுவமடுப் பக்கம் போய்க்கொண்டிருந்தது.

இப்போது வகுப்பில் கரும்பலகையில் போட்ட கணக்குக்கு வருவோம்.

ஒலி ஒரு செக்கனில் ஏறத்தாழ 340 மீற்றர் போகும். விமானம் 5 கிலோமீற்றர் தள்ளி வரும்போது எழும் சத்தம் நம் காதுக்கு வர 15 செக்கன் எடுக்கும். எண்பதுகளில் வந்த 'சியாமாசெட்டி' மணிக்கு 300 கிலோமீற்றர் வேகத்தில் வருகிறது என்று வைப்போம். அந்த 5 கிலோமீற்றரைக் கடக்க அதற்கு 60 செக்கன். 60இல் 15ஐக் கழித்தால் 45. சத்தம் கேட்டபின் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பங்கருக்குள் போக 45 செக்கன் இருக்கிறது.

மிக்-27 மணிக்கு 900 கிலோமீற்றர் வேகத்தில் வந்தால்? ஒரு செக்கனுக்கு 250 மீற்றர். 5 கிலோமீற்றருக்கு 20 செக்கன். 20இல் 15 போனால் 5.

ஐந்து செக்கன்.

ஒலியை விட வேகமாக வந்தால் விமானம் முதலில், சத்தம் பிறகு. கணக்கில் விடை சுழியத்துக்குக் கீழே போகும்.

இந்தக் கணக்கை நம் பாடசாலையில் இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த ஒரு டீச்சரிடம் காட்டினோம். பார்த்துவிட்டுச் சொன்னார்: "சேர், சத்தம் கேட்டு ஓடினதெண்டு ஆக்கள் சொல்லுவினம். ஓட நேரமில்லை. சத்தம் கேக்கேக்க நிலத்தில படுத்திருக்க வேணும். வண்டு சுத்தத் தொடங்கினாலே நாங்கள் பங்கருக்குக் கிட்ட வந்திடுவம்." வண்டு என்றது வேவு விமானத்தை. வண்டு வந்தால் பின்னால் கிபிரோ மிக்கோ வரும் என்று சனம் தானே படித்துக்கொண்ட எச்சரிக்கை அது. எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லை.

போர் விமானத்தின் வரலாற்றைப் புத்தகங்கள் வேகத்தாலும் உயரத்தாலும் சொல்கின்றன. நிலத்தில் நிற்பவருக்கு அது செக்கன்களின் வரலாறு. அங்கே வேகம் கூடக் கூட, இங்கே செக்கன் குறைகிறது.

அந்தப் பிள்ளை விடவில்லை. "அப்ப சேர், சுகோய்க்கு எத்தனை செக்கன்?"

நல்ல கேள்வி. சுகோய் என்பது மிக்கிலிருந்து வேறான நிலையம். அவர்களின் சுகோய்-27 முதலில் பறந்தது 1977இல். அதன் வழியில் வந்த சுகோய்-30, இயந்திரத்தின் வாயையே திருப்பி வானத்தில் வளைந்து நெளியும். அது நமக்குத் தூரத்திலும் இல்லை. 2020 ஜனவரியில் இந்திய விமானப்படை தஞ்சாவூரில் சுகோய்-30 அணி ஒன்றை நிறுத்தியது. இங்கிருந்து நேர்கோட்டில் இருநூற்றுச் சொச்சம் கிலோமீற்றர்தான். அது சுமக்கும் பிரமோஸ் ஏவுகணை ஒலியைப் போல ஏறத்தாழ மூன்று மடங்கு வேகம். பிள்ளை கேட்ட சுகோய்-57 2010இல் முதலில் பறந்தது. இவையெல்லாம் தூரத்தில் நின்றே ஏவிவிட்டுத் திரும்பக்கூடியவை. கீழே இருப்பவருக்கு விமானத்தின் சத்தமே வராது. விடை: சுழியம்.

உக்ரேனில் இதுதான் நடக்கிறது. 2023 முதல் ரஷ்ய சுகோய்-34 விமானங்கள் பழைய குண்டுகளுக்கு இறக்கை பூட்டி, பல பத்துக் கிலோமீற்றர் தள்ளி நின்று நகரங்கள் மேல் விடுகின்றன. நம் மேல் பறந்த மிக்குகளை விற்ற அதே நாட்டின் தாய்மார் இன்று பிள்ளைகளோடு நிலக்கீழ் அறைகளில் இருக்கிறார்கள். "அவர்களுக்கு வேண்டும்" என்று ஒரு மாணவன் மெதுவாகச் சொன்னான். விற்றது யார், பங்கருக்குள் இருப்பது யார் என்று திருப்பிக் கேட்டோம். யோசித்துவிட்டு, "வேற ஆக்கள் சேர்" என்றான். 1971இல் தெற்கிலும் வேறு ஆட்கள்தான், இங்கேயும் வேறு ஆட்கள்தான்.

விமானம் பார்ப்பதைப் பிள்ளைகளிடம் தடுக்கச் சொல்லவில்லை. அசையும் இறக்கையைக் கண்டுபிடித்த மூளை பெரிய மூளைதான். அதைப் படிக்கட்டும், நாளைக்குப் பொறியியலாளராக வரட்டும். அதோடு இந்தக் கழித்தல் கணக்கையும் சேர்த்துப் படிக்கட்டும் என்றுதான் கேட்கிறோம்.

உறவுகளுக்கு ஒரு வேண்டுகோள். இன்று இரவு உங்கள் வீட்டுப் பெரியவரிடம் கேளுங்கள்: எந்த வருடம், எந்தப் பக்கமிருந்து வந்தது, இறக்கை விரிந்திருந்ததா ஒடுங்கியிருந்ததா, அந்த நேரம் நீங்கள் எங்கே நின்றீர்கள்? சொல்ல விருப்பமில்லை என்றால் வற்புறுத்த வேண்டாம். சொன்னால் ஒரு கொப்பியில் திகதியோடு எழுதி வையுங்கள். எல்லாவற்றையும் 'கிபிர்' என்று ஒரே சொல்லில் விட்டால், எது எப்போது நடந்தது என்று நாளைக்குச் சொல்ல ஆள் இருக்காது. ஐந்து செக்கனில் தப்பியவர்களின் கதை அது. எழுதுவதற்கு நமக்கு அதைவிட நேரம் இருக்கிறது.