காற்று காய்ச்சிய உருக்கு

கொச்சிக்கடைப் பொன்னம்பலவாணேசுவரர் கோயிலின் கருங்கல் தூண்களைக் காணும்போதெல்லாம், அவற்றைச் செதுக்கிய உளிகள் என் நினைவுக்கு வரும். சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1907 முதல் 1912 வரை கல்லால் கட்டுவித்த கோயில் இது. ஏறக்குறைய அதே ஆண்டுகளில்தான், அவருடைய மாமன் மகனான ஆனந்த குமாரசுவாமி, இந்நாட்டில் உருக்குத் தொழில் அழிந்துகொண்டிருந்ததை ஏட்டில் பதிவு செய்தார்.

குமாரசுவாமியைக் கலை அறிஞராகவே நாம் அறிவோம். 1903 முதல் 1906 வரை அவர் இலங்கைக் கனிப்பொருள் ஆய்வுப் பகுதியின் பணிப்பாளராக இருந்தவர். ஐரோப்பாவின் மலிவான இரும்பு வந்து உள்ளூர் உலைகள் அவிந்துகொண்டிருந்த காலம். பலாங்கொடைப் பகுதியில் தொழில் தெரிந்த எஞ்சிய சிலரைத் தேடிப்பிடித்து, உருக்குச் செய்யும் முறையைச் செய்துகாட்டச் செய்தார். இரும்புத் துண்டுகளை மரச்சிராய்களுடன் களிமண் குழாயிலிட்டு அடைத்து, கரியுலையில் காய்ச்சினார்கள். மரத்தின் கரி இரும்பில் சேர்ந்து உருக்காயிற்று. 1908இல் வெளிவந்த தமது 'மத்தியகாலச் சிங்களக் கலை' நூலில் இதை விபரித்துள்ளார்.

இத்தொழிலின் தொன்மை, பலாங்கொடைக்கு அருகிலுள்ள சமனலவெவவில் வெளிப்பட்டது. அங்கே நீர்த்தேக்கம் அமைக்கப்படுவதற்கு முன் நடந்த தொல்லியல் ஆய்வில், மேற்கு நோக்கிய மலைச்சரிவுகளில் 77 உலைத்தலங்களைப் பிரித்தானிய ஆய்வாளர் ஜில் ஜூலெஃப் இனங்கண்டார். அவை கி.பி. முதலாம் ஆயிரமாண்டைச் சேர்ந்தவை. துருத்தி இல்லை. தென்மேல் பருவக்காற்று உலையின் முன்சுவர் மீது விரைந்து பாயும்போது அங்கே அழுத்தம் குறையும். சுவரின் அடியிலுள்ள மண்குழல்கள் வழியே காற்று தானாகவே உள்ளே இழுக்கப்படும். இது சாத்தியமில்லை என ஐயுற்றவர் பலர். 1994இல் அவர் அதேபோன்ற உலையமைத்து உருக்கு எடுத்துக் காட்டினார். 1996இல் 'நேச்சர்' இதழ் அதனை வெளியிட்டது. 9ஆம் நூற்றாண்டில் அரபு அறிஞர் அல்-கிந்தி, வாள்கள் பற்றி எழுதுகையில் சரந்தீபின் உருக்கைக் குறிப்பிட்டதன் பொருள் அப்போது துலங்கிற்று.

இதில் எனக்கும் ஒரு குற்றவுணர்வு உண்டு. 1992இல் சமனலவெவ அணைப்பகுதியில் கசிவு ஏற்பட்டபோது நான் இளம் பத்திரிகையாளன். மின்சாரம், செலவு, கசிவு எல்லாவற்றையும் எழுதினேன். உலைகளைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை. அவற்றில் பல இன்று நீருக்கடியில் உள்ளன.

அந்த உலைகளை மூட்டியவர்களின் பெயர்கள் எந்தக் கல்வெட்டிலும் இல்லை. பலாங்கொடைப் பக்கம் செல்லும் அன்பர்கள், மேற்குச் சரிவுகளில் கறுத்துக் கனத்த இரும்புக் கிட்டத்தைக் கண்டால் சற்று நின்று பாருங்கள். அவர்கள் விட்டுச்சென்ற சாசனம் அதுதான்.